வெந்நீர் கொதிக்கும் நேரம்

சிஸ்டர்,

இன்று காலை வல்லம் வடகாலில் ஒரு வாடகை வீட்டில், அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாத்திரத்தின் மூடி தடதடத்தது. நான் கேட்டுத்தான் வைத்தார்கள். எனக்கு வெந்நீர் தேவையே இல்லை. வீடு வீடாகப் போகும் நர்ஸாக ஊரெல்லாம் கேட்டு வாங்கிய உங்களுக்கும் அது தேவைப்பட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் மாடியில் குடியிருந்த செல்வியை மறந்திருக்க மாட்டீர்கள். தென்காசிப் பக்கத்துப் பெண், போன் கம்பெனியில் போன் பூட்டும் லைனில் வேலை. பிரசவத்துக்கு வந்த அவள் அம்மா ஒரு மாதத்தில் ஊர் திரும்பிவிட, மாமியார் வந்திருந்தார். நான் சோப்பும் பவுடரும் வாங்கிக்கொண்டு மூன்று முறை மாடியேறினேன். மூன்று முறையும் எடை எவ்வளவு, பால் போதுமா, யார் ஜாடை என்றுதான் கேட்டேன். "யாரோ பெத்த பிள்ளைய வச்சிருக்க மாதிரி இருக்கு டீச்சர்," என்று இரண்டாம் முறை போனபோது அவள் சொன்னாள். "புதுசு இல்லையா, சரியாயிடும்," என்று சிரித்துவிட்டு இறங்கினேன். முப்பது வருடம் வகுப்பில் நின்றவள் நான். பதிலைக் கையில் கொடுத்தும் வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் நீங்கள் குழந்தையை எடைபோடத் தராசோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "இன்னா டீச்சர், கொழந்தைய பாக்க வந்தீங்களா, பெத்தவள பாக்க வந்தீங்களா?" என்றீர்கள். நான் யோசிப்பதற்குள் மாமியாரிடம் திரும்பி, "அம்மா, ஒரு சொம்பு வெந்நீர் வேணும். நல்லா கொதிக்கணும்," என்று சொல்லி அனுப்பினீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த கணவனையும், "நீயும் போயி கூட நில்லுப்பா," என்று கிளப்பிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"கொழந்த நல்லா கீது. நீ எப்டிம்மா கீற?"

அவளை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. "நான் இல்லன்னா பிள்ளை நல்லா இருக்கும்னு தோணுது," என்றாள். நீங்கள் பதறவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிப்பது போல, "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்டீர்கள். தலையசைத்தாள். "சொன்னியே, அது நல்லது. இன்னிக்கே டாக்டர பாக்கலாம். நா கூட வரேன்."

சொம்போடு வந்த மாமியாருக்குக் கோபம். "நாங்கள்லாம் பிள்ளை பெறலையா? நாலு பெத்தேன். பத்தாம் நாளே நெல்லு அவிச்சேன். பச்ச உடம்புக்காரிய ஆஸ்பத்திரிக்கு இழுக்கணுமாக்கும்?"

"பெத்தீங்கம்மா. அப்ப உங்கள யாராச்சும் எப்டி இருக்கன்னு கேட்டாங்களா?"

அந்த அம்மா ஆவி பறக்கும் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒருத்தரும் கேக்கல," என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "கூட்டிட்டுப் போங்க. இவன நான் பாத்துக்கிடுதேன்."

அந்த வெந்நீரை நீங்கள் குளியலறையில் ஊற்றியதைப் பார்த்து, எதற்குக் கேட்டீர்கள் என்றேன். "அது கொதிக்கிற வரிக்கும் அவ பேசலாம்ல டீச்சர்."

ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது சொன்னீர்கள், நம் நாட்டில் ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பின் இந்த மனச்சோர்வு வருகிறது என்று. என் வகுப்பில் பெஞ்சுக்கு ஐந்து பேர். அப்படியானால் பெஞ்சுக்கு ஒருத்தி. எந்த முகம் என்று அன்று முழுதும் பெஞ்சு பெஞ்சாக யோசித்தேன். ஏன் வருகிறது என்று கேட்டதற்கு, ஒரே காரணம் கிடையாது என்றீர்கள். பிரசவத்தோடு உடம்புக்குள் மாறும் மாற்றம், தூக்கமில்லாத வாரங்கள், ஆறாத ஆபரேஷன் தையல், தாய்வீட்டின் தூரம், ஷிப்டில் மாட்டிய கணவன், முன்பே பட்டிருந்த மனச்சோர்வு. பள்ளிப் பையில் ஒரு புத்தகம் யாரையும் சாய்ப்பதில்லை. ஆளுக்கொன்றாகத் திணித்துவிட்டு, ஏன் குனிந்து நடக்கிறாய் என்று கேட்கிறோம்.

செல்விக்கு மாத்திரையும் பேச்சும் மட்டுமல்ல, தூக்கமும் மருந்தானது. குழந்தைக்கு இரவில் மாமியார் எழுந்தார். மாதங்கள் பிடித்தன, ஆனால் மீண்டாள். போன ஐப்பசியில் நீங்கள் கண்மூடியபோது உங்கள் ஊர் மணிமங்கலம் வரை வந்து அழுதவள் அவள்.

நேற்று அவள்தான் போன் செய்தாள். "எங்க கம்பெனி லைன்ல இருந்த பிள்ளை டீச்சர், பிரசவமாகி வல்லம் வடகால்ல இருக்கா. போன்ல சிரிக்கா. ஆனா சரியில்ல. ஒருக்கா போய்ப் பாருங்க."

இப்போதெல்லாம் இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கே தொட்டில் கட்டினாலும் போய்விடுகிறேன். சோப்பு வாங்குவதில்லை. மருத்துவம் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் துணைக்குப் போகத் தெரியும், கேட்கத் தெரியும். கால் வலிக்கிறது என்று இதை நிறுத்துவதாக இல்லை.

இன்று காலையும் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ எப்படிம்மா இருக்கே?" அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அவள் கணவன், "டீச்சர், தண்ணி கொதிச்சிடுச்சு," என்றான்.

"இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்பா," என்றேன். அவள் பேச ஆரம்பித்திருந்தாள்.