பலகையில் இல்லாத கேப்டன்

என் கேப்டனுக்கு,

எதிர்வீட்டில் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் திருத்துறைப்பூண்டி விளையாட்டுத் திடலிலும் இதே வாசனைதான். பழைய சடுகுடு வீரர்களைக் கௌரவிக்க ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். மாவட்டக் கோப்பை வென்ற நம் அணிக்குக் கேப்டன் என்று என் பெயர் போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். நீ எங்கும் இல்லை.

அந்த இறுதி ஆட்டம் அதிராம்பட்டினத்துக்காரர்களோடு. நம் பக்கம் நீ ஒருவன்தான் மிச்சம். பாடிப் போனாய், நாலு பேர் உன்மேல் விழுந்தார்கள். மூச்சை விடாமல் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டாய். தோள் மூட்டு நழுவி இறங்கிவிட்டது. என்னை எப்போதும் "வாங்க, போங்க" என்பவன் அன்று, "கையைப் பிடிச்சு இழுடா!" என்று கத்தினாய்.

அடுத்த அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு உங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. கொடியோடு முன்னால் நின்றவன் நீ. என் சித்தப்பாதான் மிராசுதார்; அணியை நடத்தியவரும் அவரே. "கொடி புடிக்கிறவனுக்கு டீம்ல என்ன வேலை?" என்று பதிவேட்டில் உன் பெயரை அடித்தார். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. உன் இடத்தில் என் பெயரை எழுதிக் கேப்டனாக இருக்கச் சொன்னார், இருந்தேன். உன்மேல் பொய் வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். திரும்பி வந்தபோது உன் தோள் ஆட்டத்துக்கு ஆகாமல் போயிருந்தது. கடைவீதியில் என்னைப் பார்த்து, "டீம் எப்படிங்க ஆடுது?" என்று மட்டும் கேட்டாய். அதற்குப் பதில் நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆட்சிகள் மாறின. பதிவேடு மாறவில்லை. அதைப் பார்த்துத்தான் பலகை எழுதினார்களாம். "ரிஜிஸ்டர்ல பேர் இல்லீங்களே சார்" என்றார் பலகை வைத்த கமிட்டியின் செயலாளர்.

சித்தப்பா செய்ததையும் நான் பேசாமல் நின்றதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "செத்தவர் பேரை எதுக்கு இழுக்கறீங்க?" என்றான் தம்பி. எந்தச் செத்தவர், சித்தப்பாவா என் கேப்டனா என்று கேட்டேன். பிறகு அதிராம்பட்டினம் போய், அன்று உன் காலைப் பிடித்துத் தொங்கிய ராவுத்தரை அழைத்துவந்தேன். தடியை ஊன்றிக்கொண்டு கமிட்டி முன்னால் நின்று, "தோத்தவன் சொல்றேன், எழுதிக்கிடுங்க. எங்களை ஜெயிச்ச கேப்டன் அவருதான்" என்றார்.

போன வாரம் பலகையைத் திருத்தினார்கள். உன் பெயர் முதலில், கேப்டன் என்று. என் பெயர் ஆறாவது. நர்ஸாக இருக்கும் உன் மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒவ்வொரு பெயராகப் படித்தவள், "சார், அன்னிக்கு அப்பா பேரை மட்டுமா அடிச்சாங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உன்னோடு உங்கள் தெருவிலிருந்து ஆடிய இன்னும் இரண்டு பேரின் பெயரையும் அன்று அடித்திருந்தார். பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். உன்னை மறக்காத நான் அவர்களை மறந்தே போயிருந்தேன்.

ஒருவர் போய்விட்டாராம். இன்னொருவர் இருக்கிறார், கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். மனுவை எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கமிட்டிக்குப் போகிறேன். அவர் தன் பெயரைத் தானே படிக்க வேண்டும்.