மூன்றாவது ஸ்கேனுக்கு வராதவர்கள்

இன்று அலுமாரியைத் துப்பரவாக்கும்போது உம்மட மண்டை கையில் வந்தது. பயப்படாதேயும், ஸ்கேன் படம்தான். வெள்ளவத்தை வீட்டு ஜன்னலில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். மூலையில் உம்மட கோணல் கையெழுத்து: "குழு மூன்று. ஒன்றும் நடக்காதவர்."

ஆஸ்பத்திரியில் எங்கட ஆராய்ச்சி நினைவிருக்கா? சண்டையில் தலையில் அடிபட்ட ஆமிக்காரர் ஒரு குழு. குண்டுவெடிப்பில் அகப்பட்ட சனம் ஒரு குழு. ஒன்றும் நடக்காத ஆட்கள் மற்றக் குழு. ஆறு மாதத்துக்கு ஒரு தரமாக, ஒவ்வொருவரின் மூளையையும் மூன்று தரம் படம் எடுத்து, எந்தக் குழுவில் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கவேண்டும். படம் நீர், கணக்கு நான். மூன்றாம் குழுவுக்கு ஆள் போதாமல் நீர் குடியிருந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கைச் சனத்தையே கூட்டி வந்தீர், நீரும் மெஷினுக்குள் படுத்தீர். "கொழும்பில ஒண்டும் நடக்காத ஆக்களை எங்கயப்பா பிடிக்கிறது?" என்று சிரித்தீர்.

கடைசியில் என் கணக்கு அழகாக வந்தது: அடிபட்டவர்களின் மூளை ஒரு வருஷத்தில் தேறிவிடுகிறது. மூன்றாவது ஸ்கேனுக்கு வராதவர்களை நான் கணக்கிலிருந்து வெட்டிவிட்டிருந்தேன். நீர் அந்தத் தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்தீர்.

"வராத ஆளை வெட்டாதேயும். ஏன் வரேல்லை எண்டு போய்க் கேளும்!"

"அப்ப நீரே போய்க் கேளும்!" என்று கத்திக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையால் எறிந்தேன். அது உம்மட புருவத்துக்கு மேலே பட்டு உடைந்தது. கண்ணுக்குள் வழிந்த இரத்தத்தை சட்டைப்பை லேஞ்சியால் அமத்திக்கொண்டு, "இப்ப நான் எந்தக் குழு?" என்று கேட்டீர். எனக்கு இருந்த கோப விசருக்கு, "எங்கயாவது போய்த் துலையும்" என்றேன். ஓம், அதைத்தான் சொன்னேன்.

நீர் போனீர். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர், இரண்டாம் குழு ஆள், வராமல் விட்டிருந்தார்; அவரைத் தேடித்தான் பஸ் ஏறினீர். அந்த பஸ்ஸில் குண்டு இருந்தது.

பின்னேரம் உம்மைக் கொண்டுவந்தபோது சேர்ட்டை வைத்துத்தான் அடையாளம் பிடித்தேன். ஒரு காது இல்லை. கருகிய தலைமயிர் மணத்தோடு உம்மை ஸ்கேனுக்குள் தள்ளினார்கள். அது உம்மட மூன்றாவது. திரையில் வலப்பக்கம் முழுக்க இரத்தம். அடுத்த நாள் காலமை நீர் இல்லை.

செத்தவீடு முடிந்த கிழமை நாட்டாமையின் வீட்டுக்கு நான் போனேன். அவர் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவருக்கு இப்ப புள்ளைகள்ட பேரே மறந்து போச்சு மிஸ். எப்புடித் தனியா வாறது?" என்றா அவரின் மனிசி. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். தேறியவர்கள் மட்டுமே எங்களிடம் வந்திருந்தார்கள். நீர் சொன்னது சரி. என் அழகான கணக்கு சுத்தப் பொய்.

ஓட்டோ பிடித்து ஒவ்வொருவராகக் கூட்டிவந்து படம் எடுப்பித்து, எல்லாரையும் திரும்பச் சேர்த்தேன். உம்மை மட்டும் எடுத்துவிடச் சொன்னார் பெரிய டொக்டர். மேசையில் அடித்துச் சண்டை பிடித்தேன். முதல் நாள் எந்தக் குழுவோ, கடைசிவரைக்கும் அந்தக் குழு. அது நீர் போட்ட சட்டம். ஒன்றும் நடக்காதவர்களுக்குள் உம்மட பெயர் இன்னும் இருக்கிறது.

இன்றும் ஆராவது வராவிட்டால் நானே பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டுகிறேன். இறங்கும்வரை இருக்கைகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். உம்மட கடைசிப் படத்தில் எல்லாக் காயமும் தெரிந்தது. என் கோப்பை பட்ட காயம் மட்டும் தெரியவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.