ஒரு கைப்பிடி இறைச்சி

மார்ச் 3
எடையும் சர்க்கரையும் குறைய, பேத்தி மர்ஜானுக்கு நாளை மறுநாள் ஆபரேஷன். இந்த வயதிலேயே சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது. டாக்டர் படம் வரைந்து காட்டினார். இரைப்பையின் மேல்நுனியில் முட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, குடலை மேலே இழுத்து அதில் தைப்பார்களாம். ஐந்தாவது படித்த எனக்கே புரிந்தது. என் கொழுந்தனாருக்குப் புரியவில்லை. அவர் பெயரைச் சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை, எழுதவும் கை வராது. சின்னவர் என்றே எழுதுகிறேன்.

"வாயை மூடத் தெரியாதவளுக்குக் கத்தியா, அண்ணி?" என்றார்.

"வருஷக்கணக்கா வாயை மூடித்தான் பார்த்தேன், தாத்தா. உடம்பு கேக்கல," என்றாள் மர்ஜான்.

மார்ச் 5
முடிந்தது. கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டாளாம்.

ஏப்ரல் 19
சின்னக் கிண்ணம் சூப் குடிக்க அரை மணி நேரம். "பாட்டி, நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா இறங்காது" என்றாள். அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஜூலை 12
சின்னவரின் பேரனுக்குத் தொட்டில் விருந்து. எங்கள் வழக்கத்தில், வயதில் மூத்தவர் கையால் ஊட்டினால் வாயைத் திறக்க வேண்டும். மறுத்தால் ஆசியைத் துப்பியது போல. சின்னவர் வரிசையாக ஊட்டிக்கொண்டே வந்தார். மர்ஜானிடம் வந்தபோது கை நிறைய ஆட்டு வால்கொழுப்பு, நடுவில் கொஞ்சம் இறைச்சி. அவ்வளவையும் விழுங்கினால் வேர்த்து மயங்கிவிடுவாள். சொல்லலாமா? சபையில் நான் எப்படிச் சொல்வது—

அவள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுப்பில்லாத ஒரு நார் இறைச்சியை மட்டும் உதட்டால் எடுத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி, அசை போடுறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "உங்க ஆசி உள்ள போயிடுச்சு, தாத்தா. என் வயிறு இப்ப இவ்வளவுதான். மிச்சத்தைப் பிள்ளைங்களுக்குக் குடுங்க."

சின்னவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அடுத்தவனுக்குப் போனது. கிளம்பும்வரை எங்களிடம் பேசவில்லை.

காரில் அழுதாள். "மரியாதை தெரியாதவள்னு சொல்வாங்கல்ல?"

"சொல்லிட்டுப் போகட்டும். இவ என் பேத்தின்னு நான் சொல்லிக்கிறேன்."

செப்டம்பர் 30
டாக்டர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு ரௌஷன் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

அக்டோபர் 22
சின்னவர் வந்தார். என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராகச் சமையலறையில் இருந்த மர்ஜானிடம் போனார்.

"எனக்கும் சர்க்கரைதான். கால் மரத்துப் போகுது. என் வயசுக்கு அந்த டாக்டர் ஏதாவது பண்ணுவாரா? நீ கூட வருவியா?"

"வர்றேன், தாத்தா. காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுப்பாங்க."

அக்டோபர் 23
கிளம்பிவிட்டார்கள். லிஃப்ட் ஓடவில்லை. மாடிப்படியில் முன்னால் மர்ஜான், பின்னால் சின்னவர். கால் மரத்து அவர் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள்.