மூடியைத் தூக்கிக் காட்டுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கற்பிட்டியிலிருந்து மகன் டிலக்‌ஷன் எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் சுகத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் கம்பனியில் நாங்கள் புதிதாகச் செய்த கருவாடு உலர்த்தும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டிப் பன்னிரண்டு வீடுகளில் கருத்துக் கேட்டேன். எல்லோரும் தேத்தண்ணி தந்து "நல்ல சாமான்" என்றார்கள். நானும் அப்படியே அறிக்கை அனுப்பினேன். பாவித்துப் பார்க்கச் சொல்லி, அந்த வீடுகளில் ஒன்றான உம்மு குல்சூம் அக்கா வீட்டில் ஒரு பெட்டியை வைத்தோம். ஒரு கிழமை கழித்துப் போனால், வெயிலில் நிற்க வேண்டிய பெட்டி அறைக்குள் துணி போர்த்தி நிற்கிறது. மீன் முற்றத்துப் பாயில் காய்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லம் எண்டுதானே சொன்னீங்க?"

"நல்லந்தான் மகன். மூடி பாரம், தனியத் தூக்க ஏலா. ஆசையா வந்து கேக்கிற புள்ளக்கிட்ட அத எப்பிடிச் சொல்ற?"

பிழை என்னுடையது. நல்லமா என்று கேட்டேனே தவிர, தூக்கிக் காட்டச் சொல்லவில்லை. மூடியை இரண்டாக வெட்டிக் கொடுத்தேன். இப்போது பெட்டி முற்றத்தில் நிற்கிறது. இது கட்டாயம் விற்கும், பாருங்கள்.

நீங்களும் போனில் "சுகம்" என்றுதான் சொல்கிறீர்கள். ஆகவே தோள் நோவு எப்படி என்று கேட்க மாட்டேன். நேற்றுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியது யார்? நீங்கள் என்றால், எந்தக் கையால்? எழுதி அனுப்புங்கள்.

கூடவே ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். தனியே இருந்து சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை. போத்தல் மூடியைத் தங்கச்சி ஜெசிக்கா இறுக்கட்டும்.

நான் போக வேண்டிய பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

டிலக்‌ஷன்