சம்புக்குள் கேட்ட குரல்

7.1.1996, ஞாயிறு

போத்தனூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற எனக்கு வாரத்தில் இந்த ஒரு காலைதான் சொந்தம். ஆறு மணிக்கே பறவை எண்ணக் குளத்தில் இருந்தேன். வழக்கமாக எனக்குத் துடுப்புப் போடும் மீன்காரர் மருதாசலம் இன்று வலை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீங்களே போயிட்டு வாங்க சார், பழகித்தானுங்க போச்சு" என்று இன்னொரு பரிசலைக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். பனி. துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை. குரலை வைத்தே எண்ணினேன்: நாமக்கோழி ஐம்பதுக்கு மேல், முக்குளிப்பான் ஒன்பது.

வடகரைச் சம்புப் புல்லுக்குள் ஒரு குரல். தாழ்ந்து தொடங்கி இழுத்து முடிந்தது. நான் கேட்டதே இல்லை. பறவை பயந்துவிடுமே என்று துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு, அதே மாதிரி குரல் கொடுத்தேன். எனக்குத்தான் பறவைக் குரல் கைவந்த கலையாயிற்றே. பதில் வந்தது. மூன்று முறை கொடுத்தேன், மூன்று முறையும் வந்தது. நான்காவதற்கு வரவில்லை. பறந்திருக்கும்.

திரும்பியபோது மருதாசலம் கரைக்கு வந்திருக்கவில்லை. பரிசலைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். நாள் முழுக்கச் சந்தோஷம்.

8.1

மருதாசலம் நேற்று வீடு திரும்பவே இல்லையாம். மீன் வியாபாரி ஐயாசாமி டிக்கெட் எடுக்க வந்தபோது சொன்னார். பரிசல் மட்டும் கரை ஒதுங்கிக் கிடக்கிறதாம்.

9.1

கிடைத்துவிட்டார். வடகரைச் சம்புக்குள். கால் இரண்டிலும் வலை சுற்றி, சேற்றில் புதைந்து.

10.1

அது பறவை இல்லை.

14.1, ஞாயிறு

குளத்துக்குப் போகவில்லை. பறவைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். அப்படிக் கத்துகிற பறவை ஒன்றாவது இருக்கக் கூடாதா?

ஏன் 'சார்' என்று கூப்பிடவில்லை? குளிரில் நாக்கு எழவில்லையா, வாய்க்குள் சேறு போய்விட்டதா? நான் வெளாட்டுக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். ஆள் வருதுன்னு நெனச்சிருப்பாரே — ஒவ்வொரு தடவையும் நெனச்சிருப்பாரே.

17.1

டிக்கெட் ஜன்னலில் ஒருவர் ஊர்ப் பெயரை இழுத்துச் சொன்னார். அதே குரல். நிமிர்ந்து பார்த்தால் பழகிய முகம்தான்.

23.1

காரியத்துக்குப் போயிருந்தேன். மருதாசலத்தின் மனைவி பாவாத்தாளிடம் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள். "தண்ணிக்குள்ள உளுந்ததீமே உசுரு போயிருச்சு அம்மணி, செரமப்படலை." அந்த அம்மா தலையாட்டுகிறார். சொன்னால் அவர் நிம்மதி போகும். சொல்லாவிட்டால் என் தூக்கம் போகும். யாருக்காகச் சொல்லப்போகிறேன்?

4.2, ஞாயிறு

பாவாத்தாளிடம் சொல்லிவிட்டேன். மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன்.

"எத்தனை தடவைங்க கூப்புட்டாரு?"

"நாலு தடவைங்க."

பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெளம வெடியால வாங்க. தொடுப்பு நான் போடறனுங்க" என்றார்.

11.2, ஞாயிறு

பனி இன்னும் விடவில்லை. அன்று நான் நின்ற இடம் எது என்று கேட்டார். காட்டினேன். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டுங்க."

முடியாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கைகளை வாயருகே குவித்துக் கொடுத்தேன். சம்புக்குள் ஒரு சிறகும் அசையவில்லை.

பாவாத்தாள் அந்தப் பக்கம் திரும்பி, அடுப்படியிலிருந்து சொல்வதைப் போல, "வாரனுங்க" என்றார். துடுப்பை எடுத்துப் பரிசலைச் சம்புக்குள் விட்டார்.

எண்ணிக்கொண்டே போனேன். அன்று நான் நின்ற இடத்திலிருந்து மருதாசலம் கிடந்த இடத்துக்குப் பதினேழு துடுப்பு.