சரியாக ஓடாத நான்கு எலிகள்

மார்ச் 4

கடைசிக் கூண்டும் இன்று முடிந்தது. புற்றுக்கட்டியோடு ஆறு வாரம் சின்ன ட்ரெட்மில்லில் ஓடிய சுண்டெலிகள் பன்னிரண்டு. அதே கட்டியோடு ஓடாமல் கிடந்தவை பன்னிரண்டு. ஓட்டியதும் நான், முடிவில் கால் தசையையும் கட்டியையும் எடை போட்டதும் நான். எடை போடும்போது எது ஓடியது, எது ஓடாதது என்று தெரியாது. டப்பாவில் எண் மட்டும். பட்டியல் பேராசிரியரிடம்.

மார்ச் 11

ஓடிய எலிகளுக்குத் தசை அவ்வளவாகக் கரையவில்லையாம். கட்டியும் சிறுத்திருக்கிறதாம்! "எல்லாம் உங்க கைராசி," என்றார் பேராசிரியர்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கணையத்தில் புற்று வந்து ஐந்து மாதத்தில் பதினான்கு கிலோ போய்விட்டது அவனுக்கு. முப்பது வருஷம் லாரி ஓட்டிய உடம்பு.

"அண்ணா, டாக்டரும் நடக்கலாம்னுதானே சொன்னார். நடந்தா கட்டியே சுருங்கும்ணா. எங்க எலிங்க சொல்லுது."

"நீ சொன்னா கேக்க மாட்டேன். எலி சொன்னா சரி."

ஏப்ரல் 2

தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறான். அண்ணி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறாள். "லாரிக்கு கிளீனர் மாதிரி ஆயிட்டேன்," என்கிறாள்.

ஏப்ரல் 19

கட்டுரையின் நகல் வந்தது. ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாக என் பெயர். இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். பிறகுதான் அட்டவணை கண்ணில் பட்டது.

ஓடியவை: எட்டு.

எட்டா? மீதி நான்கு எங்கே? நகலோடு இணைத்திருந்த எலிப் பட்டியலின் எண்களை என் நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். விட்டுப்போன நான்குக்கும்தான் கட்டி ரொம்பப் பெரிசு.

ஏப்ரல் 20

கேட்டுவிட்டேன். அவர் கணினியிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அந்த நாலும் சரியா ஓடலைம்மா. அதான் எடுத்துட்டேன்."

"ஓடிச்சு சார். நான்தானே ஓட்டினேன். ஒரு நாள்கூட நிக்கலை."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. எல்லாரும் செய்றதுதான்."

பதினோரு வருஷம். நாய்க்குட்டி மாதிரி இவர் பின்னாலேயே வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 21

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 24

அண்ணனுக்கு ஸ்கேன் முடிவு வந்தது. கட்டி வளர்ந்திருக்கிறது.

கட்டிலில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் சரியா நடக்கலை போல. அந்த மழை வாரத்துல ரெண்டு நாள் விட்டுட்டேன்ல..."

அடப்பாவி மனுஷா, உன் மேலயா பழி போட்டுக்கறே? தாங்க முடியவில்லை. அந்த நான்கு எலிகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செருப்பைக் காலால் தள்ளிவிட்டான். அப்புறம், "என்னை எதுக்கு அப்போ தெருத்தெருவா சுத்த வெச்சே?" என்றான். "தெரியாதுண்ணா, என்னையும்தான் ஏமாத்தினாங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

என்னை அவர் ஏமாற்றினார், சரி. அண்ணனை? அவனை ஏமாற்றியது என் வாய்தானே.

ஏப்ரல் 27

பன்னிரண்டையும் சேர்த்து நானே பார்த்தேன். கட்டியில் வித்தியாசமே இல்லை. ஆனால் தசை – அது நிஜம். அந்த நான்குக்கும் கால் தசை கரையாமல்தான் இருந்திருக்கிறது. உண்மையைச் சொன்னாலே போதுமே, இந்தப் பேராசிரியருக்கு அது ஏன் பத்தவில்லை?

தசை விஷயத்தை அண்ணியிடம் போனில் சொன்னேன். "சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டையும் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள் என்று ஆய்வு நிலைய இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தேன்.

மே 9

என்னைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். விசாரிப்பார்களாம்.

ஜூன் 16

கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் என் பெயர் இல்லை. அந்த நான்கு எலிகளும் இல்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஏழு வாரம் கழித்து. கதவைத் திறந்தது அவனேதான். எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனாலும் சுவரைப் பிடிக்காமல் நின்றான். பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று தினமும் நடக்கிறானாம். அண்ணி சொன்னாள்.

"கட்டி பேச்சைக் கேக்கலை. காலாவது கேக்குது," என்றான். எனக்கு அவனே தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"ஆனா இனிமே நீ எது சொன்னாலும், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் செய்வேன்."

சிரிப்பான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.