உருகின மூலை

நெனிதா,

மணிலா கப்பலுக்குக் கிளம்பிவிட்டேன். சாவி அரிசி டின்னில். அடோபோவைச் சூடாக்கிச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடக்காதே.

நேற்று கத்தியது தப்புதான். ஆனால் அந்த மெழுகுக் கட்டிக்குள் இருப்பது சோதனைக்காக என் புராஸ்டேட்டிலிருந்து எடுத்து, கெடாமலிருக்க ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்துக் கொடுத்த சதை! ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ஏதோ அபூர்வக் கட்டியாம். மணிலாவில் அதைச் சீவிப் பார்த்து வகையைச் சொன்னால்தான் ஆபரேஷன். அதைப் போய்க் குழந்தை இயேசு சுரூபத்தின் முன்னால், எரிகிற மெழுகுவத்தி பக்கத்தில் வைத்தாயே!

"ஏசப்பா பாக்கட்டும்னுதானே வெச்சேன்?" என்று நீ அழுதது காதிலேயே நிற்கிறது. ஒரு மூலைதான் உருகியிருக்கிறது. சதைக்கு ஒன்றுமில்லை.

தேரியோ

பி.கு. மெழுகுக் கட்டியை நான் எடுத்துப் போவதால், பீடத்தில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டாமென்று என் கல்யாண மோதிரத்தை அங்கே வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு எப்படியும் கழற்றச் சொல்வார்கள். எத்தனை மெழுகுவத்தி வேண்டுமானாலும் ஏற்று. இது உருகாது.